வெள்ளைக் கோழிக்கு வெள்ளை அரிசி

நான் எழுதிய மனுக்களிலேயே மிக நன்றாக அமைந்தது ஒரு கோழி விஷயமாக எழுதியதுதான். முப்பது வருஷம் மைசூர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, பிறர் எழுதிய மனுக்களில் குற்றம் கண்டுபிடித்தே பென்ஷன் வாங்கியவன் நான். ஆகையால் அந்த மனுவைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அதில் ஒரு பிழை கிடையாது, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. உண்மையும் கிடையாது. ஆனால் எழுதும்போது எனக்கு அது தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் பெங்களூர் அடுகோடியில் குடியிருந்தோம். வாசலில் நின்றால் பட்டறைகளில் இரும்பை அராவும் சத்தம் கேட்கும். பின்னால் ஒரு கொல்லை, அதற்கு இடுப்புயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் மாவு மிஷினில் வேலை பார்த்த அம்மாள் ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. புருவத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும். அவளிடம் பதினோரு நாட்டுக்கோழிகள் இருந்தன.

என்னிடம் இருந்தவை நாட்டுக்கோழிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அரசாங்கப் பண்ணையிலிருந்து, மூன்று பேரிடம் சிபாரிசு பிடித்து நான் வாங்கிவந்த வெள்ளை லெகார்ன் கோழிகள் அவை. ஐந்து பெட்டை, ஒரு சேவல். மூன்று தலைமுறையாகச் சர்க்கார் சம்பளம் வாங்கும் குடும்பம் கோழி வளர்த்தாலும் அதில் ஒரு தரம் வேண்டாமா? ஆபீஸில் யாராவது முட்டை என்று பேச்செடுத்தால் போதும், நான் "லெகார்ன் முட்டையா, சாதா முட்டையா?" என்று கேட்பேன். என்னைக் கண்டாலே முட்டைப் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தரம் கோழிகளுக்குத் தெரியவில்லை. காலையில் கூட்டைத் திறந்ததும் நேரே சுவரில் ஏறி அந்தப் பக்கத்துக் குப்பைமேட்டில் குதிக்கும். அந்த அம்மாள் மிஷின் தரையில் பெருக்கிய கூளத்தை, ராகி உமியும் கோதுமைத் தவிடும் சோள நொய்யும் கலந்ததை, முறத்தில் கொண்டுவந்து "பா... பா... பா..." என்று கூப்பிட்டு இறைப்பாள். என் சீமைக் கோழிகள் அவளுடைய கறுப்பு, சாம்பல் கோழிகளோடு முட்டி மோதிக்கொண்டு தின்னும். பிறகு சாணத்தைக் கிளறிப் புழு பொறுக்கும். எனக்கு மானம் போகும்.

"வெள்ளைக்காரன் ஊரை வுட்டுப் போயி எத்தினி வருஷமாச்சு சார், உங்க ஊட்டு வெள்ளைக்காரங்க மட்டும் இன்னும் எங்க சோத்தைத்தான் துன்றாங்க" என்று அவள் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன்.

அவளுடைய பதினோரு கோழிகளும் விற்பதற்கல்ல. ஒருநாள் என் மனைவி இரண்டு முட்டை விலைக்குக் கேட்டபோது சுவரருகே நின்று சொன்னாள்: "முட்டை இருக்கட்டும்மா, சும்மாவே எடுத்துக்குங்க. கோழியை மட்டும் கேட்டுடாதீங்க. மூத்தவ சந்தாபுராவுலேர்ந்து பிரசவத்துக்கு வர்றா. போன வாட்டி கொழந்தை தங்கல. ஒடம்புல ரத்தமே இல்லேன்னுட்டாங்க டாக்டரம்மா. இந்த வாட்டி பெத்துப் பொழைச்சான்னா நாப்பது நாளும் கோழிச்சாறு குடுத்துத்தான் அனுப்புவேன்."

இதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி, மூன்றடி தள்ளி நின்று கேட்டேன்.

பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் எனக்கு ஆபீஸில் வாய்த்திருந்தார். பத்திரிகையில் பாதிச் செய்தி படித்து முழுச் செய்தியாகச் சொல்லுவார். அவர் ஒருநாள் சொன்னார்: "ராணிக்கெட் பரவுதாம் சார். கோழிக் காய்ச்சல். நரம்பைத்தான் பிடிக்குமாம். கழுத்து திருகிக்கும், காலை இழுக்கும், அப்புறம் கூண்டோட கைலாசம். நாட்டுக்கோழிங்ககிட்டேர்ந்துதான் ஒட்டுமாம்."

அன்று மாலையே கொல்லைக்குக் கம்பிவலை வாங்கிவந்துவிட்டேன். கோழிகளைக் கூட்டில் அடைத்தேன். "மறு உத்தரவு வரும் வரை வெளியே விடக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டின் கதவில் ஒட்டினேன். கோழிகளுக்குப் படிக்கத் தெரியாதே என்று என் மனைவி ஆட்சேபித்தாள். உத்தரவு கோழிகளுக்கு இல்லை, உனக்குத்தான் என்று சொன்னேன்.

அடைத்தாயிற்று, தீனி? அங்கேதான் என் மேதாவித்தனம் முழுசாக வெளிப்பட்டது. சர்க்கார் ரேஷனை எடுத்துவிட்ட புதிது அது. வருஷக்கணக்கில் ரேஷன் ராகியையும் புழுங்கலும் பச்சையுமில்லாத ஏதோ ஒரு சிவப்பு அரிசியையும் விழுங்கிய எங்களுக்கு வெள்ளை அரிசியைக் கண்டால் சாமியைக் கண்ட மாதிரி. வீட்டில் ராகிக் களி கிண்டுவதை நிறுத்திவிட்டோம். யாராவது வந்தால் தட்டில் இருக்கும் சோற்றின் நிறத்தை அவர்கள் பார்த்துவிட்டார்களா என்று நான் பார்ப்பேன். அத்திபெலே மில்லிலிருந்து இரண்டு முறை பாலிஷ் போட்ட அரிசியை மூட்டையாக வரவழைத்தேன். கோழிகளுக்கும் அதே அரிசிதான்.

தவிடெல்லாம் மில்லிலேயே நின்றுவிட்டது. மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை என் மனைவி மூன்று தண்ணீரில் களைந்து எடுத்துவிடுவாள். பிறகு வடித்துக் கஞ்சியையும் இறுத்துவிடுவாள். கழுநீரும் கஞ்சியும் சுவருக்கு மேலாக அந்த அம்மாளிடம் போகும். அவள் அதில் கூளத்தைப் பிசைந்து தன் கோழிகளுக்கு வைப்பாள். என் கோழிகளுக்கு மல்லிகைப் பூப்போன்ற சோறு. சுவருக்கு இரண்டு பக்கமும் யார் எதைத் தின்றார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் சேவல் கூவுவதை நிறுத்தியது. பெட்டைகள் சோற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு ஒரு பெட்டை கால் விரல்களை மடக்கிக்கொண்டு முழங்காலால் நடந்தது. இரண்டு நாளில் அதனால் நடக்கவே முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையை முதுகில் சாய்த்து, ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தது. மேலதிகாரி மாடிப்படி இறங்கும்போது நாங்கள் அண்ணாந்து பார்ப்போமே, அந்த மாதிரி. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் சேவலும் மேலே பார்க்க ஆரம்பித்தது.

நான் கூட்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அவை மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. பெருமைக்காக வாங்கிய ஜந்துவின் மேலும் பிரியம் வரத்தான் செய்கிறது.

கூட்டுக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டு அந்த அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அய்யோ, என்னா சார் இது? வெளிய வுடுங்க சார். கெடந்து குப்பையைக் கிளறினா எல்லாம் சரியாப் பூடும்."

மறுபடியும் தன் குப்பைக்கே கூப்பிடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயைக் கொடுத்ததே அந்தக் குப்பைதானே! அவளுடைய கோழிகளோ கொழுகொழுவென்று இருந்தன. அதுவே எனக்குச் சாட்சியாகப் பட்டது. "அவ கோழியெல்லாம் நல்லாத்தானேங்க இருக்கு?" என்று மனைவி கேட்டாள். "அதுதான் ஆபத்து" என்றேன்.

வேறு யாராவது இருந்தால் முதலில் கோழியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நான் பேனாவில் மை நிரப்பினேன். முதலில் மனு, அப்புறம் மருந்து. எங்கள் ஆபீஸில் பழகிய பழக்கம் அது. வட்டாரச் சுகாதார ஆபீஸுக்கு, இரண்டு பக்கம், அப்பழுக்கில்லாத இங்கிலீஷில் எழுதினேன். பின்வீட்டு நாட்டுக்கோழிகள் நரம்பு நோயைப் பரப்புகின்றன, அவற்றை உடனே அப்புறப்படுத்தி அழிக்க வேண்டும் என்பது சாரம். "மேற்படி கோழிகள் நோயை வெளியில் காட்டாமல் உள்ளுக்குள் வைத்திருக்கும் இயல்புடையவை" என்ற கருத்தை யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்துச் சேர்த்தேன். என் கையெழுத்தை ஒருமுறை தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டு தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான், ஒரு பெட்டை செத்துப்போன பிறகுதான், இன்னொன்றைக் கூடையில் வைத்துத் துணி போர்த்தி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டர் கன்னடக்காரர், வயது குறைவு. கோழியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். இருமல் உண்டா, பச்சையாகக் கழிகிறதா, எத்தனை செத்தன என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

"ராணிக்கெட் வந்திருந்தா இந்நேரம் கூடு காலியாகியிருக்கும். ஸ்வாமி, இதுக்கு ஊட்டா, அதான் தீனி, என்ன போடறீங்க?"

இதற்காகவே காத்திருந்தவன் போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "அத்திபெலே அரிசி சார். டபுள் பாலிஷ். களைஞ்சு வடிச்சுத்தான் போடறோம்."

"வேற?"

"வேற எதுவும் கிடையாது. வெளியிலேயே விடறதில்லை. சுத்தமா வளர்க்கறோம்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே இருந்த கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். அவரும் சிரித்தார். காலில் கட்டுப்போட்ட ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கிழவர்கூடச் சிரித்தார்.

"இதுக்குப் பேரு பெரிபெரி. தவிட்டுல இருக்கிற சத்து உடம்புல இல்லேன்னா நரம்பு இப்படித்தான் இழுக்கும். கோழி சும்மா விட்டிருந்தா தானே தேடித் தின்னிருக்கும். நீங்க கதவைச் சாத்தி, பார்த்துப் பார்த்து வரவழைச்சிருக்கீங்க." பி வைட்டமின் மாத்திரை சில கொடுத்து, கரைத்து வாயில் ஊற்றச் சொன்னார். "தவிடு போடுங்க. ராகி போடுங்க. கதவைத் திறந்து விடுங்க. ஒட்டற நோய் இல்லை இது."

மாத்திரையைக் கரைத்து ஊற்றிய மறுநாள் காலையில் சேவலின் கழுத்து நேராக நின்றது. மாலையில் பெட்டைகள் தள்ளாடியபடி எழுந்து நடந்தன. மனைவி ராகியைக் கொண்டுவந்து இறைத்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் அரை நாழிகை இருந்திருக்கும். பிறகு தபாலில் போட்ட மனு நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சுகாதார ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே இருந்த குமாஸ்தா என்னைப் போலவே மூக்குக் கண்ணாடியை நுனிமூக்கில் வைத்திருந்தார், என்னைப் போலவே எதிரில் நிற்பவனைப் பார்க்காமல் பேசினார். மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"அது மேலே போயாச்சு. ஆர்டர் ஆயிடுச்சு. இவ்வளவு தெளிவா எழுதின மனு எங்களுக்கு வந்ததே இல்லேன்னு ஐயாவே சொன்னார்." ஒரு தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நகர்ந்த ஃபைலைத் திருப்ப முடியுமா? நீங்களே ஆபீஸ் மனுஷர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எதிரில் நின்று கேட்பதற்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மனு எழுதியதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"வேலில போற ஓணானை எடுத்து அடுத்தவ மடியில வுட்டிருக்கீங்க. சரி, ஃபைலை நிறுத்த முடியாது. வாய் இருக்குல்ல? இப்பவே போய் அவகிட்டச் சொல்லுங்க. ராவோட ராவா கோழியைக் கூடையில போட்டு மக வீட்டுக்கு, சந்தாபுராவுக்கு அனுப்பிடுவா. வர்றவங்க வெறுங்கூட்டைப் பாத்துட்டுப் போகட்டும்."

வழி அவ்வளவு சுலபமானது. சுவரோரம் பத்து எட்டு நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை. கோழியைக் காப்பாற்று என்று சொல்ல வேண்டுமென்றால், யாரிடமிருந்து என்றும் சொல்ல வேண்டும். மாவு மிஷினில் கூளம் பெருக்குகிறவளிடம் போய், நான்தான் எழுதினேன், தப்பு என்னுடையது என்று ஒரு சர்க்கார் குமாஸ்தா சொல்வதா? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளை வந்தது, சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். "நானாவது சொல்லட்டுமா?" என்று மனைவி கேட்டாள். "பதறாதே. ஆபீஸ் காரியம் ஒரு மாசமாவது இழுக்கும்" என்று அதட்டினேன். அத்தனை வருஷ ஆபீஸ் அனுபவத்தில் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த வேகத்தில் ஓர் ஆபீஸ் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஓர் இன்ஸ்பெக்டர், சாக்கோடு இரண்டு ஆட்கள். மனுதாரன் என்பதால் முதலில் என் வீட்டுக்கு வந்தார்கள். எப்படியாவது பேசி அனுப்பிவிடலாம் என்று கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். நோய் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன்.

"எழுத்துல இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இல்லை. மாத்திரை வாங்கிய நான் சர்ட்டிபிகேட் வாங்கவில்லை.

"நீங்க எழுத்துல ஒண்ணு சொல்றீங்க, வாயில ஒண்ணு சொல்றீங்க. எழுத்துல இருக்கறதைத்தானே நான் எடுத்துக்க முடியும்?" காபியை முடித்துவிட்டு எழுந்தார். "காபி பிரமாதம்."

நான் உள்ளே போய்விட்டேன். சமையலறைக்குள் நின்றால் கொல்லைச் சத்தம் கேட்காது என்று நினைத்தேன். நன்றாகவே கேட்டது. கோழிகள் கத்தின. அந்த அம்மாள் முதலில் கெஞ்சினாள். "சீக்கு இல்லீங்க, எங்க கோழிக்குச் சீக்கு இல்லீங்க, நல்லாப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, இரண்டே இரண்டை மட்டும் விட்டுவிடச் சொன்னாள், புள்ளத்தாச்சிக்கு என்று. பிறகு சத்தம் இல்லை. என் கோழிகளை யாரும் தொடவில்லை. மனுவில் அவை வாதியின் கோழிகள்.

அன்று மாலை கம்பிவலையைப் பிரித்துவிட்டேன். என் லெகார்ன்கள் வழக்கம்போலச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தன. குப்பைமேடு காலியாக இருந்தது. சற்று நேரத்தில் "பா... பா... பா..." என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் முறத்திலிருந்து என் கோழிகளுக்குக் கூளம் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையாட்டினாள். மறுநாளும் இறைத்தாள், அதற்கு மறுநாளும். அப்படியானால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்தேன். மனு இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது? அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதே! இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

சுவர் இடுப்புயரம்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியும் காபியும் அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் மூத்தவள் வந்தாள். வயிற்றைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லாத பெண். ஒருநாள் விடியலில் சுவரைத் தாண்டிக் குழந்தையின் அழுகை கேட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பெற்றவளுக்கு ரசத்தை ஊற்றிச் சோறு கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் கொல்லைக்குப் போய் இருப்பதில் கொழுத்த பெட்டையைப் பிடித்தேன். கழுத்தை முதன்முதல் பின்னால் வளைத்துக்கொண்டு உட்கார்ந்ததே, அந்தப் பெட்டைதான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைச் சுற்றி, அவள் வாசலுக்கே போனேன். அத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் முறத்தோடு வெளியே வந்தாள். புருவத்தில் மாவு.

"பொண்ணுக்குச் சாறு வச்சுக் குடும்மா" என்றேன். "நல்ல கோழி."

அவள் கிட்டே வந்து கோழியின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நேராயிடுச்சே. நல்லா இருக்கட்டும்."

"வாங்கிக்கோம்மா."

"வேணாம் சார்."

"சும்மா வாங்கிக்கோ. மீதி நாலு இருக்கு. அதுவும் வேணும்னா..."

"வேணாம் சார்" என்றாள் மறுபடியும். குரலில் கோபம் இல்லை. மிஷினில் வரிசையில் நிற்பவர்களிடம் ராகி அரைக்க நேரமாகும் என்று சொல்வாளே, அந்தக் குரல். "நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நீங்க மறுபடியும் எழுதிப் போட்டுடுவீங்க."

அதை மறு கக்கத்துக்கு மாற்றப் பார்த்தேன். கோழி சிறகடித்துக் கீழே குதித்து, நேராக அவளுடைய குப்பைமேட்டுக்கு ஓடியது. அவள் அதை விரட்டவில்லை. முறத்திலிருந்து ஒரு கை கூளத்தை அள்ளி அதன் முன்னால் வீசினாள்.

"நீங்க போய்ட்டு வாங்க சார்" என்றாள்.